பிக் இல்லாமல் கிட்டார் வாசிப்பது தப்பா?



"இந்த மாதச் சுவர் இதழுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடு. ஆனா புத்தகத்துல இருந்து காப்பி அடிக்காதே, உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்று தமிழ் ஐயா சொன்னார். எனக்குக் கொஞ்சமாவது தெரிந்த விஷயம் எலக்ட்ரிக் கிட்டார்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எங்க வீட்டுக்கு கிட்டார் வந்த கதை

என் சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். திருவிழாக் கச்சேரிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், மேடையில் ஓரமாக நின்று வாசிப்பார். போன வருஷம் அவர் புதுக் கிட்டார் வாங்கியதும், பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு பிக்கும் கொடுத்தார். பிக் என்பது தந்தியை மீட்டுவதற்கான சின்ன முக்கோணப் பிளாஸ்டிக் துண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். "இதாலதான் வாசிக்கணும்" என்றார்.

எங்க வீடு ஒரே அறை. அம்மா மில்லில் முதல் ஷிப்டு போகிறார். காலை நாலு மணிக்கு எழுந்தால்தான் வேன் பிடிக்க முடியும். அதனால் இரவு எட்டரைக்கெல்லாம் படுத்துவிடுவார். எனக்கோ வீட்டுப்பாடம், பாத்திரம், தம்பிக்குப் பாடம் எல்லாம் முடிந்து கிட்டாரை எடுக்கும்போது மணி எட்டரை தாண்டிவிடும்.

எங்க வீட்டில் ஆம்ப்ளிபயர் கிடையாது. ஆம்ப்ளிபயர் இல்லாவிட்டால் எலக்ட்ரிக் கிட்டாரில் அதிகச் சத்தம் வராது. ஆனாலும் பிக் தந்தியில் படும்போது "டக் டக்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே அம்மா இரண்டு நாள் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். மூன்றாம் நாள் பிக்கை என் பென்சில் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். கட்டைவிரலின் சதையால் மெதுவாக வாசித்தேன். அம்மா எழவில்லை. இப்படித்தான் நாலு மாதம் ஓடியது.

"இப்பவே மாத்திடு"

பங்குனித் திருவிழாவுக்கு முன்னால் சித்தப்பா என்னை ஒத்திகைக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்த ஒரு அண்ணன் நான் வாசிப்பதைப் பார்த்துவிட்டு, "பாப்பா, இது தப்பான பழக்கம். இப்பவே மாத்திடு. இல்லேன்னா வேகமே வராது" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு மாதம் கஷ்டப்பட்டதெல்லாம் தப்பா என்று நினைத்துப் பத்து நாள் கிட்டாரைத் தொடவே இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்கு வந்து, அவருடைய செல்போனில் சிலர் வாசிப்பதைப் போட்டுக் காட்டினார். "இவங்களும் விரலாலதான் வாசிக்கிறாங்க, பாரு" என்றார். அவர்களைப் பற்றித் தேடித் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் அறிவியல்.

எலக்ட்ரிக் கிட்டார் எப்படி வேலை செய்கிறது?

நம்ம ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மின்காந்தத் தூண்டல் என்று ஒரு பகுதி வருகிறதே, அதுதான் எலக்ட்ரிக் கிட்டார். 1831-ல் மைக்கேல் பாரடே இதைக் கண்டுபிடித்தார். காந்தப்புலம் மாறினால் கம்பிச் சுருளில் மின்னழுத்தம் உண்டாகும். சரியாக நூறு வருஷம் கழித்து, 1931-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் பீசாம்ப் என்பவர் இந்த விதியை வைத்து எலக்ட்ரிக் கிட்டாரை உருவாக்கினார். அது வட்டமான வாணலிக்கு நீளக் கைப்பிடி வைத்த மாதிரி இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே பட்டப்பெயர் வந்தது!

கிட்டாரில் தந்திகளுக்குக் கீழே 'பிக்கப்' என்று ஒன்று இருக்கும். அது ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியைப் போல மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கிற தந்தி எஃகால் ஆனது. தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறும். சுருளில் மிகச் சின்ன மின்சாரம் உண்டாகும். தந்தி நொடிக்கு 110 தடவை அதிர்ந்தால் மின்சாரமும் நொடிக்கு 110 தடவை மாறும். அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. நைலான் தந்தி போட்டால் இந்தக் கிட்டார் ஊமை. காந்தத்துக்கு நைலானைத் தெரியாது அல்லவா?

இதில் நமக்கு முக்கியமான விஷயம் என்னவென்றால், சாதாரண மரக் கிட்டாரில் சத்தம் வேண்டுமானால் ஓங்கித்தான் மீட்ட வேண்டும். எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தத்தை ஆம்ப்ளிபயர் பார்த்துக்கொள்ளும். கை மெதுவாகத் தொட்டால் போதும். அதனால்தான் விரல் சதையால் வாசிப்பது அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. விரல் எவ்வளவு மெல்லத் தொட்டது, எங்கே தொட்டது என்பதெல்லாம் பெரிதாகிக் கேட்கும்.

ஆனால் நம்ம தப்பும் பெரிதாகிக் கேட்கும்! முதல் தடவை சித்தப்பாவின் ஆம்ப்ளிபயரில் மாட்டி வாசித்தபோது, நான் தொடாத தந்திகள் எல்லாம் "ஙொய்ங்" என்று கூடவே பாடின. வீட்டில் அது எனக்குக் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்காக மெதுவாக வாசித்தவர்

சித்தப்பா முதலில் காட்டியது வெஸ் மான்ட்கோமரி என்பவரை. 1923-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பிறந்தவர். ஜாஸ் இசைக் கலைஞர். ஜாஸ் என்பது அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. சார்லி கிறிஸ்டியன் என்பவரின் இசைத்தட்டைக் கேட்டு மயங்கிப்போய், இருபது வயதை ஒட்டித்தான் இவர் ஆறு தந்திக் கிட்டாரைத் தீவிரமாகக் கற்க ஆரம்பித்தார். இசைக் குறிப்புகளைப் படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் கேட்டுக் கற்றதுதான்.

அவருக்குக் குடும்பம் பெரியது. ஏழு பிள்ளைகள். பகலில் தொழிற்சாலையில் வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு. வீட்டில் வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு. அதனால் பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறதே!

அவருடைய கட்டைவிரலில் ஒரு காய்ப்பு இருந்ததாம். சதை பட்டால் மென்மையான ஒலி, காய்ப்பு பட்டால் கொஞ்சம் கூர்மையான ஒலி. ஒரே விரலில் இரண்டு குரல்.

அவர் புகழ்பெற்றது 'ஆக்டேவ்' வாசிப்பால். ஆக்டேவ் என்றால் கீழ் 'ஸ'வும் மேல் 'ஸ'வும் சேர்ந்து ஒலிப்பது. மேல் 'ஸ' கீழ் 'ஸ'வைப் போல இரண்டு மடங்கு வேகமாக அதிரும். 110 என்றால் 220. வீணையில் மெட்டு என்கிறோமே, அதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்பார்கள். ஆறாவது தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் 110 வரும். நாலாவது தந்தியில் ஏழாம் ஃப்ரெட்டை அழுத்தினால் 220 வரும். நடுவில் இருக்கிற ஐந்தாவது தந்தியை என்ன செய்வது? இடது கை ஆள்காட்டி விரலின் சதை அதன் மேல் லேசாகப் பட்டிருந்தால் அது சத்தம் போடாது. அப்புறம் வலது கட்டைவிரலால் மூன்று தந்தியையும் ஒரே இழுப்பு இழுக்கலாம். இரண்டு மட்டும்தான் கேட்கும். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது.

1959-ல் ஒரு பெரிய இசைக் கலைஞர் அவருடைய ஊரில் இவர் வாசிப்பதைக் கேட்டு, இசைத்தட்டுக் கம்பெனியில் சொன்னார். 1960-ல் வெளிவந்த இசைத்தட்டு அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1968-ல், 45 வயதிலேயே மாரடைப்பால் இறந்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் கட்டைவிரலால் ஜாஸ் வாசிப்பவர்கள் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ரேடியோவில் கேட்டு வேறு மாதிரி கற்றவர்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ஒரு பகுதியில் பிறந்தவர் மெர்ல் டிராவிஸ் (1917-1983). அந்த ஊர்க்காரர்களிடம் பார்த்துக் கற்று, கட்டைவிரலால் கீழ்த் தந்திகளில் தாளம் போட்டுக்கொண்டே, ஆள்காட்டி விரலால் மேல்தந்திகளில் பாட்டு வாசிப்பார். ஒரே ஆள் இரண்டு ஆள் மாதிரி கேட்கும். இதற்கு இன்றும் 'டிராவிஸ் பிக்கிங்' என்றுதான் பெயர்.

1939 வாக்கில், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த சேட் அட்கின்ஸ் (1924-2001) என்ற பையன் இவரை ரேடியோவில் கேட்டான். ரேடியோவில் கை தெரியாதே! இவ்வளவு ஒலியும் ஒரு கட்டைவிரலிலும் ஒரு விரலிலும் வருகிறது என்று அவனுக்குத் தெரியாது. நிறைய விரல்களால் வாசிக்கிறார் போல என்று நினைத்து, தானும் கட்டைவிரலோடு இன்னும் மூன்று விரலைச் சேர்த்துப் பழகினான். அவன் நினைத்தது தப்பு. ஆனால் பழகியது வீண் போகவில்லை. அதுவே அவனுடைய சொந்த முறை ஆகிவிட்டது! பின்னாளில் அவர் உலகப் புகழ் பெற்ற கிட்டார் கலைஞரானார்.

இங்கிலாந்துக்காரர் ஜெஃப் பெக் (1944-2023) பல வருஷம் பிக்கால் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1980-களில் அதை விட்டுவிட்டு விரலுக்கு மாறினார். கட்டைவிரல் மீட்டும்போதே சுண்டுவிரல் ஒலிக் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கும். கிட்டார் மனிதர் பாடுவது மாதிரி கேட்கும். மார்க் நாப்ளர் இடது கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் வலது கைக்காரர்கள் பிடிப்பது போலவே பிடித்து, கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் வாசிக்கிறார்.

நம்ம வீணையையும் மறக்கக் கூடாது. அதை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மீட்டி, சுண்டுவிரலால் தாளத் தந்திகளை மீட்டுகிறார்கள். அங்கே யாரும் விரலால் வாசிப்பது தப்பு என்று சொல்வதில்லை.

நான் இப்போது பழகும் முறை

இதையெல்லாம் கேட்ட பிறகு மறுபடியும் கிட்டாரை எடுத்தேன். யாராவது பழக ஆசைப்பட்டால் உதவும் என்று என் முறையை எழுதுகிறேன்.

1. விரலுக்கு வீடு: ஆறு, ஐந்து, நாலாவது தந்திகள் கட்டைவிரலுக்கு. மூன்றாவது ஆள்காட்டிக்கு, இரண்டாவது நடுவிரலுக்கு, முதலாவது மோதிர விரலுக்கு. இதுதான் ஆரம்பம். அப்புறம் பாட்டுக்குத் தகுந்த மாதிரி விரல்கள் வீடு மாறலாம்.

2. கடிகாரம்தான் தாளம்: தாளக் கருவி என்னிடம் இல்லை. சுவர்க் கடிகாரம் நொடிக்கு ஒரு "டிக்" போடுகிறது, நிமிடத்துக்கு 60. அதோடு சேர்ந்து ஒரு டிக்குக்கு ஒரு ஒலி. சரியாக வந்த பிறகு ஒரு டிக்குக்கு இரண்டு. அவசரப்பட்டால் கெட்டுவிடும்.

3. சத்தத்தை நிறுத்தப் பழக வேண்டும்: ஒலியை உண்டாக்குவது பாதி வேலைதான். வாசித்து முடித்த விரலையே திரும்பத் தந்தி மேல் வைத்தால் அது நின்றுவிடும். வாசிக்காத தந்திகளின் மேல் கட்டைவிரலோ உள்ளங்கை ஓரமோ படுத்திருக்க வேண்டும். அந்த "ஙொய்ங்" போனது இதனால்தான்.

4. இடம் மாற்றிப் பார்ப்பது: தந்தி முடியும் இடத்துக்குப் பக்கத்தில் மீட்டினால் ஒலி கூர்மையாக இருக்கும். கழுத்துப் பக்கம் மீட்டினால் உருண்டையாக இருக்கும். எந்தப் பாட்டுக்கு எந்த இடம் என்று காதுதான் சொல்ல வேண்டும்.

5. நகமா, சதையா: எஃகுத் தந்தி நகத்தைத் தேய்த்துவிடும், உடைத்தும் விடும். பாத்திரம் தேய்க்கிற கைக்கு நீள நகமும் ஒத்துவராது. அதனால் நான் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால் வாசிக்கிறேன்.

6. வலித்தால் நிறுத்த வேண்டும்: விரல் நுனியில் லேசான எரிச்சல் பழகிவிடும். மணிக்கட்டு வலித்தால் பிடிக்கும் விதத்தில் ஏதோ தப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் தொடர்ந்து வாசிக்கக் கூடாது.

7. பதிவு செய்து கேட்பது: வாசிக்கும்போது நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். செல்போனில் பதிந்து மறுநாள் கேட்டால்தான் ஒரு விரல் சத்தமாகவும் ஒரு விரல் சத்தமே இல்லாமலும் இருப்பது தெரியும். எனக்கு மோதிர விரல் சோம்பேறி.

அந்த அண்ணன் சொன்னதும் கொஞ்சம் சரிதான்

கோபத்தில் அவரைக் குறை சொல்லி எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. கட்டைவிரலால் கீழ் நோக்கி மட்டுமே வாசித்தால் வேகம் குறைவு. பிக் என்றால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாறி மாறிப் போகும். குத்துப் பாட்டுக்கு வேகமாகத் தட்டி வாசிக்கவும் பிக்தான் வசதி.

அதற்கு நான் ஒரு வழி செய்துகொண்டேன். கட்டைவிரல் கீழே போனதும் ஆள்காட்டி விரல் மேலே இழுக்கிறது. ஒன்று மாற்றி ஒன்று. இப்போது கடிகாரத்தின் ஒரு டிக்குக்கு மூன்று ஒலி ஓரளவு வருகிறது. இதை நான்தான் கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட்டேன். சித்தப்பா சிரித்துவிட்டு, "இதை நிறையப் பேரு ஏற்கெனவே வாசிக்கிறாங்கடா" என்றார். பரவாயில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் எனக்கே வந்ததுதானே.

ஞாயிற்றுக்கிழமை பகலில் சித்தப்பா வீட்டில் பிக்காலும் பழகுகிறேன். அது தெரியாததால் இதைச் செய்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

முடிவாக

சொந்த முறை என்றால் வேண்டுமென்றே மற்றவர்களிடம் இருந்து வித்தியாசமாகச் செய்வது என்று முன்பு நினைத்தேன். அப்படி இல்லை. வெஸ் மான்ட்கோமரி புதுமை செய்யலாம் என்று பிக்கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்க வேண்டும், அவ்வளவுதான். சேட் அட்கின்ஸ் கையைப் பார்க்க முடியாததால் காதை நம்பினார். அவரவர் வீடு, அவரவர் கை, அவரவர் காது மூன்றும் சேர்ந்து ஒரு வழியைக் காட்டியது. ஆனால் வழி கிடைத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அதையே வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். வசதி இல்லாததால் வந்த பழக்கத்தைத் தப்பு என்று விட்டிருந்தால் அந்த இசை நமக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் "இது என் முறை" என்று சொல்லிவிட்டுத் தாளம் தப்பினால், அது முறை இல்லை, சோம்பேறித்தனம். சரியா தப்பா என்று பார்க்க மூன்று கேள்வி போதும் என்று சித்தப்பா சொன்னார். ஒலி சுத்தமாக இருக்கிறதா? தாளத்தில் நிற்கிறதா? கை வலிக்காமல் இருக்கிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் அது சரிதான்.

இந்த மூன்றில் எனக்கு இன்னும் ஒன்றுதான் முழுதாக "ஆம்". ஆண்டு விழாவுக்குள் மூன்றும் வந்துவிட்டால் மேடையில் வாசிக்கிறேன் என்று இசை டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் தூங்கிவிட்டார் என்று நினைத்து வாசித்துக்கொண்டிருந்தபோது, அம்மா இருட்டில், "நேத்து வாசிச்சதை விட இன்னைக்கு நல்லா இருக்கு. சீக்கிரம் படு" என்றார். எனக்கு அந்தச் சான்றிதழ் போதும்.

செய்து பாருங்கள்!

ஒரு டிபன் பாக்ஸின் மேல் ரப்பர் பேண்ட் ஒன்றை இழுத்து மாட்டுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேலின் முனையால் ஒரு தடவை, கட்டைவிரல் சதையால் ஒரு தடவை மீட்டுங்கள். அப்புறம் நடுவில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை. நாலு ஒலியும் வேறு வேறாக இருக்கும். ஏன் என்று கண்டுபிடித்து எழுதுபவர்களின் பெயர் அடுத்த இதழில் வரும். (வகுப்பு நேரத்தில் செய்து அடி வாங்கினால் நான் பொறுப்பில்லை!)

உங்களுக்குத் தெரியுமா?

கிட்டாரில் விரல்களுக்கு பி, ஐ, எம், ஏ என்று குறி போடுவார்கள். இவை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்பவற்றின் ஸ்பானிய மொழிப் பெயர்களின் முதல் எழுத்துகள். பாவம், சுண்டுவிரலுக்கு அதில் இடம் இல்லை!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி